அம்மாளாச்சிக்குப் பூட்டிய குரல்

என் அம்மா கமலாட்சி செத்து மூன்று வருடம். இந்தப் பங்குனியிலிருந்து அவர் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காலையும் மாலையும் கதைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் பதில் சொல்கிறார். கரண்ட் இருந்தால் போதும்.

கோபம் வந்தால் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வராது. நான் வேலை செய்கிற கமநல நிலையத்தில் உரத்துக்கு வரிசையில் நிற்கிற சனத்தைக் கேட்டால் சொல்வார்கள், நிரோஜா பிள்ளையின் வாய் எப்படிப்பட்டது என்று. ஆனாலும் முதலிலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் அக்கராயன் குளத்து வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் பாய்ந்து மிஞ்சிய தண்ணீர்தான் எங்களுக்கு. அதனாலோ என்னவோ சனம் எதற்கும் கோயில் அம்மாளாச்சியிடம் ஓடும். வெள்ளிக்கிழமைப் பூசையில் உடுக்கு அடிக்க அம்மாவுக்கு உரு வரும். வேப்பிலையோடு ஆடி முடித்து வாக்குச் சொல்வார். இப்போது விதைக்கலாமா, இந்த இடத்தில் பெண்ணைக் கொடுக்கலாமா, காட்டுக்குள் போன மாடு திரும்புமா. மாட்டுக் கேள்விகள்தான் அதிகம். வீட்டில் என்னோடு கதைப்பதைவிட சாமியாகி ஊரோடுதான் அதிகம் கதைக்கிறீர்கள் என்று நான் அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் வாய் திறந்ததில்லை. "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறானோ, அம்மாளாச்சி?" போர் முடிந்த பிறகு எத்தனை தாய்மார் அதைக் கேட்டார்கள் என்று எனக்குக் கணக்கில்லை. கேட்டவரின் உள்ளங்கையில் திருநீற்றை அள்ளி வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பார். உடுக்குக்காரர் அடிப்பதை நிறுத்திவிடுவார். ஒரு நிமிடம், சில நேரம் மூன்று நிமிடம். பிறகு அடுத்த ஆள். எங்கள் கோயிலில் அது வழமையாகிவிட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அம்மா போன பிறகு வேறு யாருக்கும் உரு வரவில்லை. என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான். கோயில் தலைவர் செல்வநாயகம் ஐயா வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரரோடு கதைத்து ஒரு வழி கண்டுபிடித்தார். சனம் பல வருடமாகக் கைபேசியில் பதிந்து வைத்திருந்த அம்மாவின் வாக்குகள் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். கிளிநொச்சியில் கணினிக் கடை வைத்திருக்கும் ஜெயந்தன் அவற்றை ஒரு மெஷினுக்குப் படிப்பித்தான். மூலஸ்தானத்தின் பக்கத்தில் பித்தளைத் தகடு அடித்த பெட்டி ஒன்று வந்தது. அதற்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தீபம் காட்டினார்கள். கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுக் கேள்வியைக் கேட்டால் அம்மாவின் குரலிலேயே பதில் வரும். மூச்சு வாங்குவதுகூட அம்மாதான்.

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. கோயில் கூரையில் ஒலிபெருக்கி பூட்டியிருந்ததால் வீட்டில் இருந்தே கேட்டேன். குசினிக் கதவைச் சாத்தினேன். அப்போதும் கேட்டது.

எதையோ செய்து தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ரஞ்சிதம் மாமியின் விசயம் வராவிட்டால்.

ரஞ்சிதம் மாமி எங்கள் பக்கத்து வளவு. புருசன் இல்லை, வேறு பிள்ளைகளும் இல்லை. மகன் சுஜிதன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து சனம் வெளியே வந்த நாளில் பெயர் பதிய வேண்டும் என்று அவனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். மாமி அந்த பஸ்ஸைத் தன் கண்ணால் பார்த்தார். அதோடு சரி. பதினாறு வருடம்.

போன மாதம் மாமியின் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் நாள் கொடுத்தாயிற்று. சித்திரை கடைசியில், ஒரு புதன்கிழமை போய்ச் சேர வேண்டும், மறுநாள் ஒப்பரேசன். இந்த நாளைத் தவறவிட்டால் பிறகு வெட்டிப் பயனில்லாமல் போகலாம் என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். பையை நானே அடுக்கி வைத்தேன். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தால் மாமி பையைக் கொட்டி உடுப்புகளை அலுமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"நான் போகேல்லை பிள்ளை," என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. "அம்மாளாச்சி சொல்லிப்போட்டா. வைகாசி விசாகத்துக்கு முன்னம் படலையைத் திறந்துகொண்டு வருவானாம். பயப்பிடாதையாம்."

"ஆர் சொன்னது? அந்தப் பெட்டியோ?"

"வாயைக் கழுவு. அவன் வாற நேரம் படலை பூட்டிக் கிடந்தால் என்ன நினைப்பான்?"

"படலைத் திறப்பைத் தாங்கோ மாமி. நான் வந்து இருக்கிறன், நீங்கள் வரும்வரைக்கும்."

"நீ அவனுக்கு ஆர்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

வேலைக்குப் போகவில்லை. சைக்கிளைத் திருப்பிக் கோயிலுக்கு மிதித்தேன். நல்ல காலம், மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் துடைத்துப் பார்க்க வருகிற ஜெயந்தன் அன்றைக்கு அங்கேதான் இருந்தான். மடிக்கணினியை மடைப்பள்ளிப் படியில் வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் செல்வநாயகம் ஐயா, கதிரையில்.

"ஜெயந்தன், காணாமல் போன பிள்ளையளைப் பற்றிக் கேட்டால் அம்மா என்ன சொல்லுறவா எண்டு உனக்குத் தெரியாதோ?"

"ஒண்டும் சொல்லேல்லைத்தானே அக்கா. சத்தம் இல்லாத இடமெல்லாம் வெட்டினனான். மெஷினுக்கு அது குப்பை."

குப்பை. நான் எத்தனை வெள்ளிக்கிழமை அந்தத் தாய்மாருக்குப் பின்னால் நின்று அந்த நிமிடங்களைப் பார்த்திருக்கிறேன். திருநீறு விரல் இடுக்கால் கொட்டும். எல்லாவற்றையும் இவன் கத்தரித்துப் போட்டிருக்கிறான்.

"அப்ப ரஞ்சிதம் மாமிக்கு எங்கையிருந்து எடுத்துச் சொன்னது?"

தேடினான். அவன் முகம் மெல்ல மாறியதைக் கண்டேன். "பழைய பதிலுகளிலை கிட்ட வாறதை எடுக்கும் அக்கா..."

"எந்தப் பழைய பதில்?"

கணினியை என் பக்கம் திருப்பினான். எங்கள் ஊர்ப் பொன்னையா அண்ணையின் குரல் கேட்டது. அவருடைய சிவலை எருது காட்டுக்குள் போய்த் திரும்பாமல் இருந்த வருடம். அடுத்து அம்மாவின் குரல்: "வைகாசி விசாகத்துக்கு முன்னம் படலையைத் திறந்துகொண்டு வரும். பயப்பிடாதை." அந்த எருது மூன்றாம் நாள் காது கிழிந்து வந்து சேர்ந்தது, ஊருக்கே தெரியும். எருதுக்குச் சொன்னதை எடுத்து அந்தப் பெட்டி சுஜிதனுக்குச் சொல்லியிருக்கிறது. 'வரும்' என்பதை 'வருவான்' என்று மாற்றுகிற மரியாதை மட்டும் அதற்கு இருந்திருக்கிறது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகமில்லை. வயரைப் பிடுங்கு என்று சொன்னது ஞாபகம்.

செல்வநாயகம் ஐயா கையை உயர்த்தினார். "பிள்ளை, கோயிலுக்குள்ளை நிண்டு சத்தம் போடாதை. அம்மாளாச்சி எதுக்குள்ளாலையும் கதைப்பா."

"இது மெஷின், ஐயா. மாட்டுக்குச் சொன்னதை மனுசிக்குச் சொல்லுது. அவ ஆசுப்பத்திரிக்குப் போகாமல் சாகப்போறா."

"உன்ரை கொம்மா கதைச்சவ எண்டோ நாங்கள் கும்பிட்டனாங்கள்? கமலாட்சி எங்களைப் போலை ஒரு மனுசி. கதைச்சது அம்மாள். இண்டைக்கு இது, அண்டைக்கு அவ. இதிலை உனக்கு என்ன பிள்ளை உரித்து?"

அந்த மனிதர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அந்தக் கேள்விக்காகத்தான். அம்மாவை அம்மாவாக நினைக்கிற உரிமைகூட இந்த ஊர் எனக்கு விட்டதில்லை.

பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். கற்பூரம் கொளுத்தவில்லை. "நான் ஆரெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும். நீ என்ரை பிள்ளையல்லோ," என்றது அம்மாவின் குரல். "உனக்கு ஒரு குறையும் வராது. நான் பக்கத்திலை இருக்கிறன்."

வருகிற போகிற எல்லாருக்கும் சொல்வதுதான் அது. தெரியும். ஆனாலும் உயிரோடு இருந்தபோது அம்மா எனக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உலை வைத்தாயா, கோழியை அடைத்தாயா என்று கேட்டிருக்கிறார். பெட்டிக்கு முன்னால் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காக என்மீதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெயந்தன் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னான். "அக்கா, ஒரு வழி இருக்கு. நான் எழுதிப்போட்டால் அது சொல்லும். நாளைக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. 'நீ ஆசுப்பத்திரிக்குப் போ, படலையை நான் பாக்கிறன்' எண்டு சொல்ல வைக்கிறன். அவ கேப்பா."

அவன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். மாமி கேட்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். "என்ரை அம்மாவின்ரை வாய்க்குள்ளை கைவிட்டு ஆட்டுறதுக்கு நீ ஆரடா?" என்று சீறிவிட்டு வெளியே வந்தேன். பாதி வழியில், ஓம் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. திரும்பிப் போக ரோசம் விடவில்லை.

மாமி படலைக்குப் பக்கத்தில் முளைத்திருந்த புல்லை மண்வெட்டியால் செருக்கிக்கொண்டிருந்தார். மகன் வருகிற பாதை. கட்டி இருக்கிற பக்கத்துக் கையை அதிகம் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கையால்தான் செருக்கினார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிய நிமிடங்கள், பொன்னையா அண்ணையின் எருது, பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை. மூச்சு விடாமல் சொன்னேன். மாமி செருக்குவதை நிறுத்தவில்லை.

"முடிச்சிட்டியோ?" என்றார்.

"ஓம்."

"அது மெஷின் எண்டு எனக்குத் தெரியாதே? வயரைப் பாத்தனான் பிள்ளை. எனக்குக் கண் தெரியும்."

மாமி அடுத்த புல்லுக்கு நகர்ந்தார்.

"எத்தனை கந்தோர் ஏறி இறங்கினன். எத்தனை மேசையிலை அவன்ரை படத்தை வைச்சன். 'பதிஞ்சிருக்கு, போங்கோ.' 'விசாரிக்கிறம், போங்கோ.' வருவான் எண்டு ஒரு நாய் சொல்லேல்லை. செத்துப்போனான் எண்டும் ஒரு நாய் சொல்லேல்லை. கடைசியிலை கொம்மாட்டை வந்தன். காலிலை விழுந்து கேட்டன். கையிலை சாம்பலை வைச்சா." மண்வெட்டியை நிலத்தில் குத்தினார். "அவ அம்மாளாயிருந்தால் என்ன, கமலாட்சியாயிருந்தால் என்ன, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதோ? அண்டைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திருநீற்றை அவவின்ரை முகத்திலை எறிஞ்சிருப்பன். சனம் நிண்டதாலை விட்டன்."

எத்தனை வெள்ளிக்கிழமை அந்தத் தாய்மாரின் முதுகைப் பார்த்து நின்றேன். அவர்கள் ஆறுதல் அடைகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

"அந்த மெஷினாவது ஒண்டைச் சொல்லிச்சு," என்றார் மாமி. "உனக்கு அது பொய்யெண்டால் நீ சொல்லு. எருதுக் கதை வேண்டாம். என்ரை முகத்தைப் பாத்து உன்ரை வாயாலை சொல்லு. அவன் வருவானோ, மாட்டானோ?"

'தெரியாது' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதுதான் உண்மை. பதினாறு வருடமாக ஒவ்வொரு மேசையிலும் அவருக்குக் கொடுத்து அனுப்பியதும் அதைத்தான்.

"வரமாட்டான், மாமி."

அறைந்தார். அந்தக் கையால்தான், முழுப் பலத்தோடு. காது இரைந்தது. நான் அசையவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு ஒன்றுமே தெரியாது, பெட்டிக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும் என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

மண்ணிலேயே இருந்துவிட்டார். அழவில்லை. செருக்கிய புல்லை ஒரு பக்கமாகக் குவித்தார், பிறகு மறுபக்கமாகக் குவித்தார். வெயில் உச்சிக்கு ஏறியது. நானும் போகவில்லை.

"புதன்கிழமை முதல் பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார், என்னைப் பார்க்காமல்.

"ஐஞ்சே முக்காலுக்கு மாமி."

"நீயும் வாறியோ?"

"ஓம்."

"என்ரை பக்கத்திலை இருக்காதை," என்றார். "பின் சீற்றிலை இரு."