தரையில் வைக்கும் மெழுகுதிரி

"நானும் மிதிக்கேல்லை, நீங்களும் மிதிக்கேல்லை. அப்ப ஆர் பழத்தை மிதிச்சது அண்ணி? மான் வந்து மிதிச்சதே?"

"மான் கதவைத் திறந்து, மிதிச்சுப்போட்டு, திரும்பப் பூட்டிக்கொண்டு போகுமோ?"

"அப்ப நீங்கள் நித்திரையில எழும்பி நடந்திருப்பீங்கள். கனபேருக்கு அந்த வருத்தம் இருக்கு" என்றான் சாருஜன்.

றெஜினா செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாள். வெளிறிப்போய்ச் சுத்தமாக இருந்தது. பொங்கும் திராட்சையில் ஒருமுறை இறங்கினால் கால் ஊதாவாகிவிடும், கிறிஸ்மஸ் வரை போகாது. சாருஜனுக்கும் அது தெரியும். அவனுடைய அண்ணன் செல்வராஜாவைச் சவப்பெட்டியில் வைத்தபோது பாதங்கள் ஊதாவாகத்தான் இருந்தன. சாருஜன் தன் சொக்ஸைக் கழற்றி அந்தப் பாதங்களுக்கு மாட்டிவிட்டுத்தான் சனத்தைப் பார்க்க விட்டான்.

செல்வராஜா கம்ப்யூட்டர் வேலையை விட்டு, சான் ஹோசேக்கு மேலே இந்த மலைச்சரிவை வாங்கி வைனுக்குத் திராட்சை நட்டபோது, ஊர்க்காரர் அவனைக் கள்ளுக்காரன் என்று பகிடி பண்ணினார்கள். ட்ராக்டர் ஏற்றினால் உருண்டுவிடும் சரிவு அது. பழப்பெட்டிகளைத் தோளில்தான் இறக்கவேண்டும். ஆசீர்வதிக்க வந்த பாதர் மட்டும், பூசைக்கு ஆகும் என்று போத்தல் கேட்டு வாங்கிப் போனார்.

அவன் ஈஸ்ட் வாங்கமாட்டான். கதவைத் திறந்துவிட்டால் மலையே உள்ளே வந்து பொங்கவைக்கும் என்பான். பொங்கும்போது பழத்தோல்கள் மேலே எழும்பி, நனைந்த பாய்போல மிதக்கும். அதைத் தினமும் காலால் மிதித்து அமுக்காவிட்டால் எல்லாம் புளித்து வினாகிரியாகும். அதற்கென்று மலையைக் குடைந்து ஓர் அறை கட்டி, அதன் தரையோடு தரையாகச் சீமெந்துத் தொட்டி வைத்திருந்தான்.

பொங்கும்போது வருகிற காஸ் காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளம்போலத் தரையில் தேங்கி நிற்கும். அதனால்தான் உள்ளே போகுமுன் மெழுகுதிரியைக் கொளுத்தித் தரையில் வைப்பார்கள். அணைந்தால் அங்கே மூச்சுக்கும் காற்றில்லை, திரும்பிவிட வேண்டும்.

கதவைத் தாண்டியதும், தலைக்கு மேலே, ஒரு மாடத்தில் மடு மாதா நின்றாள். சென்ற அறுவடையில் செல்வராஜா மெழுகுதிரியைக் கொளுத்தி, தரையில் வைக்காமல் மாதாவுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கியிருந்தான். மாதாவைக் கண்டதும் கை பழக்கத்தில் மேலே போயிருக்கவேண்டும். றெஜினா வாசலில் நின்று பார்த்தபோது அவன் தோல்களுக்கு மேல் குப்புறக் கிடந்தான். மேலே சுடர் ஆடாமல், நிமிர்ந்து, அழகாக எரிந்துகொண்டிருந்தது.

இந்த வருசம் றெஜினா மிதிக்கவில்லை. பழத்தைத் தொட்டியில் கொட்டிவிட்டு, புளிக்கட்டும் என்று கதவைப் பூட்டிவிட்டாள். ஆனால் காலையில் திறந்து பார்க்கும் போதெல்லாம் தோல்கள் அமுங்கி, நுரை தளும்பி நின்றது. தோலில் பாதம் பதிந்த பள்ளங்கள். இடது பள்ளம் ஆழம், வலது பள்ளம் மேலோட்டம். செல்வராஜாவுக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது.

"காஸ் குறைஞ்சால் தோல் தானா இறங்குமாம் அண்ணி. கூகிள் பண்ணிப் பாத்தன்."

"கூகிளுக்கும் வலக் காலில நோவோ?"

சாருஜன் சிரிக்கப் பார்த்தான். அப்போதுதான் மலை இவ்வளவு அமைதியாக இருப்பதை உணர்ந்தான். கடல் பக்கமிருந்து பனிமூட்டம் கொடி வரிசைகளுக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. இலை விழுந்தால்கூடக் கேட்கும் போலிருந்தது.

"காஸை வெளியில இழுக்கிற ஃபேன் ஏன் ஓடேல்லை?"

"நேற்றுப் பின்னேரம் நிப்பாட்டினன். அந்த இரைச்சலில ஒண்டும் கேக்காது."

"நான் வாங்கித் தந்த காஸ் அலாரம்?"

"பற்றறியைக் கழட்டிப்போட்டன். அது கத்தினால் அவர் வெருண்டிடுவார்."

"அண்ணி, விசர்க் கதை கதைக்காதேங்கோ. இப்பவே காரில ஏறுங்கோ. எங்கட வீட்டில திரேசா உங்களுக்கு அறையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டாள். பிள்ளையளும் கேட்டுக்கொண்டிருக்குதுகள்."

"திரேசாவின்ர சமையலைத் தின்னுறதுக்கு இந்தக் காஸ் பரவாயில்லை." சிரித்துவிட்டு அவள் கதவைப் பார்த்தாள். "நாளைக்கோ மற்ற நாளோ பொங்கி முடிஞ்சிடும் சாரு. முடிஞ்சால் பிறகு அவருக்கு இஞ்ச வேலை இல்லை. வரமாட்டார். அதுக்கு முதல் ஒருக்கால் முகத்தைப் பாக்கவேணும். குப்புறக் கிடந்த மனுசன். பெட்டியில வச்சது அவற்ற முகம் மாதிரியே இல்லை."

கதவுக்குப் பின்னால் சளக் என்று ஒரு சத்தம் கேட்டது.

இருவரும் அசையவில்லை. மீண்டும் சளக். முதல் அடி அழுத்தமாகவும், அடுத்தது இழுபட்டும் விழுந்தது. ஒரு காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படும் ஆள், சேற்று வயலைக் கடப்பதுபோல. சாருஜன் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் இந்த நடைக்குப் பின்னால்தான் நடந்திருக்கிறான்.

றெஜினா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கும் கேக்குதுதானே?"

அவன் சரிவில் மேலே ஓடினான். ஃபேன் சுவிட்ச் மேல் கொட்டகையில் இருந்தது. போட்டான். ஒன்றும் நடக்கவில்லை. ஃபியூஸ் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சுற்றுமுற்றும் தேடினான், பிறகு தேடுவதை விட்டுக் கீழே ஓடினான். கொடிகள் முகத்தில் அடித்தன. இன்னும் சில வரிசைகள் இருக்கையில் கால் சறுக்கி விழுந்து, ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

அங்கிருந்தே திறந்த கதவு தெரிந்தது. றெஜினா வாசலைத் தாண்டி உள்ளே நின்றாள். செருப்பு வெளியே கிடந்தது. சத்தம் நின்றிருந்தது. அவள் வந்ததைக் கண்டு யாரோ மிதிப்பதை நிறுத்தியதுபோல. அவள் கையில் மெழுகுதிரி எரிந்தது, சுடர் ஆடாமல். அந்தக் கை மெல்ல, மாதாவின் மாடத்தை நோக்கி உயர்ந்தது.

"அண்ணி! திரியைக் கீழ வையுங்கோ. தரையில. ஒருக்கால் தரையில வச்சுப் பாருங்கோ, அண்ணி!"