நீலத்துக்கு ஒரு டோக்கன்

குகை ஓவியக் கண்காட்சிக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. வருகிறவர்கள் ஆளுக்கொரு நிறத்தைக் கவுன்ட்டரில் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். ஆயிரத்தைந்நூறு வருஷத்தில் ஓவியங்கள் வெளுத்துப்போயிருந்தன. நிறம் ஏற்றினால்தான் எதுவும் கண்ணுக்குத் தெரியும். திரும்பும்போது டோக்கனைக் காட்டி அவரவர் நிறத்தை வாங்கிக்கொள்ளலாம்.

பிரிசில்லா மற்றவர்களைப் போல ரிப்பன் சிவப்பையோ வளையல் பச்சையையோ கொடுத்திருக்கலாம். அவசரக்காரி. கவுன்ட்டரில் இருந்த தணிகாசலம் "என்ன நிறம்மா?" என்று கேட்டதும் போட்டிருந்த சட்டையைக் காட்டி "நீலம்" என்றுவிட்டாள். சட்டை பளிச்சென்று வெள்ளையானது.

அது பெட்ரோல் பங்க் யூனிஃபார்ம். ப்ளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவளுக்குக் கிடைத்த முதல் வேலை, மறுநாள் காலை ஆறு மணிக்குச் சேர வேண்டும். நீலச் சட்டை இல்லாமல் வந்தால் அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆனாலும் சட்டை கைக்கு வந்த அன்றே அதைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றாமல் இருக்க அவளால் முடியவில்லை.

அவளுடைய நீலம் சுவரில் தீட்டியிருந்த போதிசத்துவர் கையிலிருந்த தாமரையில் ஏறியிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பொழுது போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. நிறங்கள் சுவரிலிருந்து இறங்கி வரிசையாகக் கவுன்ட்டருக்குப் போயின. அவள் நீலத்தை மட்டும் காணோம். தாமரை வெளுத்துக் கிடந்தது.

"என் நீலம் எங்க சார்?"

"மயில் கேட்டது. கொடுத்துவிட்டேன்," என்றார் போதிசத்துவர்.

"கேட்டா குடுத்துருவீங்களா? அது உங்க நீலமா?"

"கேட்டால் கொடுப்பது என் வழக்கம். யாருடையது என்று பார்க்கும் வழக்கம் இல்லை."

மயில் பக்கத்துச் சுவரில் கழுத்தைத் திருப்பித் திருப்பி அழகு பார்த்துக்கொண்டிருந்தது.

"தா," என்றாள் பிரிசில்லா.

"தர மாட்டேன். எனக்கு அந்த மாதிரி வழக்கமெல்லாம் கிடையாது."

அதனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பிப் போதிசத்துவரிடமே வந்தாள். அவருடைய மகுடத்தில் ஒரே ஒரு கல் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக இருந்தது.

"சரி, இப்ப நான் கேக்குறேன். நாளைக்குக் காலைல எனக்கு வேலை. சட்டைக்கு நீலம் வேணும். அந்தக் கல்லுல இருக்கறதைக் குடுங்க."

பாதி மூடிய கண்களைத் திறக்காமலே அவர் கல்லிலிருந்து நீலத்தை உருவிக் கொடுத்தார்.

அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்களுக்கு?"

"யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்."

கவுன்ட்டரில் தணிகாசலம் டோக்கனையும் நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "டோக்கன்ல வெளிர்நீலம்னு இருக்கும்மா. இது வேறயா இருக்கே."

"அப்ப நீங்களே போயி மயில்கிட்டப் பேசுங்கண்ணே."

தணிகாசலத்துக்கு மயிலைத் தெரியும். பேசாமல் சீல் குத்தி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பிரிசில்லா பங்கில் நின்றாள். சூப்பர்வைசர் ஞானதுரை அவள் காலரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, பழைய நீலமா இருக்கு?"

"ஆயிரத்தைந்நூறு வருஷம் சார்."

"சாயம் போகுமா?"

"இதுவரைக்கும் போகல."

"அப்ப சரி. ரெண்டாம் நம்பர் பம்ப்ல நில்லு."

நின்றாள். முதல் வண்டியாக ஒரு யானை வந்தது. முன்பாதி மட்டும்தான் வந்திருந்தது. இரண்டு காலில், நிதானமாக.

"டேங்க்கைத் திறங்க," என்றாள்.

"அது பின்பாதியில இருக்கும்மா. நடந்து வந்துட்டிருக்கு. பஸ் ஸ்டாண்டு தாண்டியிருக்கும்," என்றது யானை.

"அப்ப அது வர்ற வரைக்கும் ஓரமா நில்லுங்க. பின்னாடி ஆட்டோ நிக்குதுல்ல?"

யானை ஓரமாகப் போய் காற்றடிக்கும் மெஷினில் சாய்ந்து நின்றது. பிரிசில்லா ஆட்டோக்காரரைக் கைகாட்டி முன்னால் வரச் சொன்னாள்.

"ஜீரோ பாத்துக்குங்கண்ணே," என்றாள்.