பைனல்-சூப்பர்

ஊட்டியில் வர்க்கி பிஸ்கட் விற்கிற ஒரு கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் வருகிற ஒற்றை அறைதான் அந்த மென்பொருள் கம்பெனி. மொத்தம் இரண்டே பேர். கம்பெனியை ஆரம்பித்தவள் ஜெயஸ்ரீ. ஆறு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்தவள் ராஜகுமாரி. அருவங்காடு ஃபாக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

எதிர்ச்சாரியில் சுப்பண்ணனின் மினி பஸ்கள் நிற்கும் ஷெட். அவரிடம் ஐந்து பஸ்கள். எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று ஒலிபெருக்கியில் தானாகவே சொல்கிற மாதிரி ஒரு மென்பொருள் கேட்டிருந்தார். குரல் ராஜகுமாரியுடையது.

இந்தத் தொழிலில், ஓடுகிற நிரலை யாரும் நேராகத் தொடுவதில்லை. நகல் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு அதில்தான் கை வைப்பார்கள். அதற்குப் பெயர் பிராஞ்ச். சரியாக வந்தால் மூலத்தோடு சேர்ப்பார்கள், வராவிட்டால் தூக்கிப் போடுவார்கள். ஒவ்வொரு பிராஞ்சுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரிகளான இருவரும் இந்த ஒன்றில் மட்டும் படு சோம்பேறிகள். கை போன போக்கில் ‘புதுசு’, ‘புதுசு-2’, ‘ராஜி-பார்’, ‘ராஜி-இப்ப-பார்’ என்று நாற்பது பிராஞ்சுகள் சேர்ந்திருந்தன.

புதன்கிழமை மழை. ஜெயஸ்ரீ வெளியே போயிருந்தாள். ராஜகுமாரி தனியாக உட்கார்ந்து குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று பதினைந்தாவது முறை சொன்னபோது நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. புதிதாக ஒரு பிராஞ்சைப் பிரித்து, மனதில் வந்ததையெல்லாம் பேசி, தானே கேட்டு, தானே விழுந்து விழுந்து சிரித்தாள். இதுவரை செய்ததிலேயே இதுதான் சூப்பர் என்று தோன்றியது. ‘பைனல்-சூப்பர்’ என்று பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஷெட்டுக்குள் பனி புகுந்திருந்தது. நாற்பது ஐம்பது பேர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்து நின்றார்கள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காந்தல் பஸ் கிளம்பப் போகுதுங்க. ஓடி வாங்க, ஓடி வாங்க. ஓடி வந்தவங்களுக்கும் சீட் இல்லீங்க.”

அது புதன்கிழமை ராஜகுமாரி விளையாட்டாகப் பேசியது. அடுத்தது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

“இத்தலார் பஸ் வந்துட்டே இருக்குதுங்க. எங்க வந்துட்டு இருக்குதுன்னு மட்டும் கேக்காதீங்க. அது சுப்பண்ணனுக்கே தெரியாது.”

அதன் பிறகு அவளுடைய சிரிப்பு. அடக்கப் பார்த்து, மூக்கு வழியாகப் பீறிட்டு, மறுபடியும் வெடித்த சிரிப்பு. ஷெட்டும் கூடவே வெடித்தது. கேரட் மூட்டையோடு நின்ற ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் புள்ளைக்கு யாராச்சும் தண்ணி குடுங்களேன்!” என்றாள். காந்தல் பஸ் பாதி காலியாகக் கிளம்பியது. அடுத்த அறிவிப்பைக் கேட்காமல் போக யாருக்கும் மனமில்லை.

ராஜகுமாரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். மேலே ஜெயஸ்ரீ, ஷெட்டில் மென்பொருளை ஏற்றி ஓடவிட்ட பெருமையில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, கீழே நடப்பது எதுவும் அவள் காதில் விழவில்லை.

“அக்கா, எந்த பிராஞ்சை ஏத்துனீங்க?”

“பைனல், பைனல்-ஓகே, பைனல்-சூப்பர்னு மூணு இருந்துச்சு. சூப்பரைத்தான் ஏத்துனேன். பின்ன?”

“ஐயோ அக்கா, அது வெளையாட்டுங்க்கா!”

ஜெயஸ்ரீ ஜன்னலைத் திறந்தாள். ‘ஓடி வந்தவங்களுக்கும் சீட் இல்லீங்க’ உள்ளே வந்தது. அவள் முகம் முதலில் வெளுத்தது. பிறகு வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். “மொதல்ல மாத்து புள்ள, அப்புறம் சிரிச்சுக்கலாம்” என்றாள்.

சரியானது எது என்பது ராஜகுமாரிக்கே நினைவில்லை. ‘பைனல்’ என்பதை ஏற்றினார்கள். அது மைக் சோதித்துப் பார்த்த பதிவு. “ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா?” என்றது ஒலிபெருக்கி. “கேக்குது!” என்று ஷெட்டே ஒரே குரலில் பதில் சொன்னது. “இன்னும் சத்தமா வேணுங்களா?” “வேணும்!”

‘பைனல்-ஓகே’யை ஏற்றினார்கள். அதில் ஊர்ப் பெயர் மாறும் இடத்தில் பிழை இருந்தது; ஐந்து பஸ்ஸும் கேத்திக்குத்தான் போகும் என்று அது அடித்துச் சொன்னது. அப்போதுதான் வந்து நின்ற இத்தலார் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “அப்ப நான் எங்கீங்க போறது?” என்று ஒலிபெருக்கியிடமே கேட்டார்.

கடைசியில் சரியானது ‘வேணாம்’ என்ற பிராஞ்சில் கிடைத்தது. ஏன் அந்தப் பெயர் வைத்தாள் என்று ராஜகுமாரியால் சொல்ல முடியவில்லை. அதை ஏற்றியதும் ஒலிபெருக்கி ஒழுங்காகப் பேசத் தொடங்கியது. “ப்ச்” என்று கூட்டம் கலைந்தது.

மரப்படி அதிர சுப்பண்ணன் ஏறி வந்தார். கழுத்து மஃப்ளரை இழுத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

“பஸ் எங்க வருதுன்னு எனக்கே தெரியாதுன்னு சொன்னது யாரு?”

ராஜகுமாரி மெதுவாகக் கையைத் தூக்கினாள். “மன்னிச்சுக்குங்க. தப்பான பிராஞ்சு ஏறிப்போச்சுங்க.”

“நெசந்தான அம்மிணி அது! நெசத்தைப் போய் மைக்குல சொல்லலாமா?” என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அதைப் பார்த்ததும் ஜெயஸ்ரீ காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. மூவரும் சிரித்த சிரிப்பில் வர்க்கிக் கடைக்காரர் படி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் முழுவதும் பெயர் சூட்டும் வேலைதான். ஒவ்வொரு பிராஞ்சாகத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்துப் புதுப் பெயர் வைத்தார்கள். பெயரைப் படித்தாலே வேலை புரிய வேண்டும் என்று ஜெயஸ்ரீ பிடிவாதமாக நின்றாள். ‘இத்தலார்-காலை-நேரம்-திருத்தம்’. ‘ஊர்ப்பெயர்-பிழை-சரிசெய்தல்’. ‘மைக்-சோதனை-ஏற்றாதே’. சூப்பர், ஓகே, பைனல் மூன்றுக்கும் இனி இடமில்லை. எதற்கு வைத்தோம் என்றே தெரியாத இருபத்தாறு பிராஞ்சுகளை அழித்தார்கள். ஒன்று போகும்போதெல்லாம் ராஜகுமாரி கை தட்டினாள்.

திங்கட்கிழமை சுப்பண்ணன் மறுபடி வந்தார். ஜனங்கள் அந்த வேடிக்கை அறிவிப்பைத்தான் கேட்கிறார்களாம். மற்ற நாள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் போடலாம் என்றார். “என் பேரு மட்டும் வேண்டாம் அம்மிணி. சிரிப்பு இருக்கட்டும்.”

ராஜகுமாரி ‘ஞாயிறு-மதியம்-வேடிக்கை-அறிவிப்பு’ என்று தெளிவாகப் பெயரிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். “பயணிகளின் கனிவான” என்பதைத் தாண்ட முடியவில்லை. எதிரே ஜெயஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, நீங்க வெளிய போங்க்கா!”

ஜெயஸ்ரீ எழுந்து போனாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் சிரிக்கும் சத்தம் பதிவில் நன்றாகவே விழுந்தது.