பட்டை லோடு

ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடிக்குப் போகும் வழியில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில், ரயில்வே கேட்டைத் திட்டாமல் யாருக்கும் ஒரு பொழுது போனதில்லை. கேட்டுக்கு இந்தப் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்புகள், கூட்ஸ் ஷெட்டு, லாரி ஆபீசுகள், வீடுகள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியும் மெட்ராஸ் ரோடும். கேட்டு மூடினால் ஊரே மூடின மாதிரிதான். சாதாரண ரயில் என்றால் ஜனங்கள் கட்டைக்கு அடியில் குனிந்து ஓடிவிடுவார்கள். கூட்ஸ் வண்டியை ஷண்டிங் பண்ணும்போதுதான் தொல்லை. வேகன்கள் பாதைக்குக் குறுக்கே வந்து நின்றுகொள்ளும். குனிந்து போகவும் வழி கிடையாது.

முனீர் அகமதுவின் மகன் அப்படி ஒரு நாளில்தான் போனான். இரண்டு வயசுப் பிள்ளை. காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டு, அவன் பெண்டாட்டி ஜஹீதாவின் மடியில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. எதிரே வேகன்கள். வேகனுக்கு அடியில் நுழைந்து போய்விடலாமா என்று ஜஹீதா கேட்டாள். நகர்ந்துவிட்டால் மூன்று பேரும் போய்விடுவோம், கொஞ்சம் பொறு என்று முனீர் சொன்னான். பொறுத்தார்கள். வேகன்கள் நகர்ந்தபோது பிள்ளை இழுப்பதை நிறுத்தியிருந்தது.

அதற்குப் பிறகு முனீருக்கு ஒன்றும் உறைப்பதில்லை. சாப்பிட்டான், தொழுதான், பஞ்சாட்சரத்தின் லாரி ஆபீசில் எந்தச் சரக்கு எந்த வண்டியில் என்று பார்த்து அனுப்பினான். யாராவது சிரித்தால் அவனும் சிரித்து வைத்தான். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. இப்போது ஜஹீதாவுக்கு மறுபடி ஏழு மாசம். அந்தச் சந்தோஷமும் அவனுக்கு எட்டவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயம் மட்டும் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்தக் கேட்டுக்கு மேலே ஒரு பாலம் வரவேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் கோதண்டபாணி என்கிற அதிகாரி மெட்ராசிலிருந்து நாலு ஆட்களோடும் ஒரு மடக்கு மேஜையோடும் வந்து கேட்டு ஓரத்தில் இறங்கினார். தில்லியில் புதுச் சட்டம் ஒன்று தயாராகிறதாம். இதுவரை ரயிலுக்கு ஒரு இலாகா, ரோட்டுக்கு ஒரு இலாகா, துறைமுகத்துக்கு ஒரு இலாகா என்று ஆளுக்கொரு மூலையில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் மூன்றையும் ஒன்றாக வைத்துத் திட்டம் போடுவார்கள், பணமும் ஒரே இடத்திலிருந்து பிரித்துக் கொடுப்பார்கள். எந்த இடத்தில் ரயிலும் லாரியும் சந்தித்து விலையுள்ள சரக்கு கைமாறுகிறதோ அங்கே முதலில் பாலம். அதற்காக ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, எங்கிருந்து எங்கே, என்ன லோடு என்று கேட்கப்போகிறார்கள். ஊர் வண்டிகளை அடையாளம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டார். பஞ்சாட்சரம் முனீரை அனுப்பி வைத்தார்.

பாலம் பஞ்சாட்சரத்துக்கும் வேண்டியதுதான். அவருடைய வண்டிகள்தான் அந்தக் கேட்டில் அதிகமாகக் காய்ந்தன. மந்திரிக்கு மனு எழுதியபோது முதல் கையெழுத்து அவருடையது. ஊர் மொத்தமும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தது, டிரைவர்கள் உட்பட. ஆனால் மனு வேறு, ரோட்டில் நிறுத்திக் கேள்வி கேட்பது வேறு. காக்கிச் சட்டையும் கையில் பேனாவுமாக ஒருத்தன் வண்டியை மறித்தால் அவன் வரி கேட்கிற செக்போஸ்ட்டுக்காரன்தான் என்பதில் அந்த ஊரில் இரண்டு பேச்சு இல்லை.

செக்போஸ்ட்டில் என்ன சொல்வது என்பது டிரைவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். ஆவாரம்பட்டை. தோலைப் பதம் பண்ணுகிற பட்டை அது. தோல் என்று சொன்னால் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லி, எண்ணச் சொல்லி, அரை நாளைத் தின்றுவிடுவார்கள். பட்டை மூட்டையை எந்த மகானும் அவிழ்க்கமாட்டான். கை வைத்தால் தூசி கிளம்பி சாயங்காலம் வரைக்கும் தும்மிச் சாகவேண்டும். அதனால் அந்த வட்டாரத்து லாரிகள் அத்தனையும் வருஷக்கணக்காகப் பட்டையைத்தான் சுமந்துகொண்டிருந்தன, வாய்ப்பேச்சில். பஞ்சாட்சரத்தின் டிரைவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறவனே முனீர்தான். புது டிரைவர் சேர்ந்தால் முதல் பாடம் அதுதான்.

மூன்று நாள் கணக்கெடுப்பு ஆரம்பமானது. முதல் லாரி, பட்டை. அடுத்தது பட்டை. அடுத்தது காலி வண்டி என்றது, பின்சக்கரங்கள் பாரத்தில் அமுங்கிக் கிடக்க. முனீர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு பொய்யையும் கேட்டான். உள்ளே உப்புத் தோல், பதமான தோல், மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகிற தோல் பேல் கட்டுகள். பாதிக்கு மேல் அவனே ஏற்றி அனுப்பியது. இதெல்லாம் வரிக்கு இல்லை, பாலத்துக்கு என்று கோதண்டபாணி ஒவ்வொரு டிரைவரிடமும் சலிக்காமல் சொன்னார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பட்டை என்றார்கள். அவர் சொல்வதை அந்த ஊரில் நம்பிய ஒரே ஆள் முனீர். நம்பியும் அவன் வாயைத் திறக்கவில்லை. முதலாளி வண்டியைக் காட்டிக் கொடுக்கலாமா, டிரைவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் அவன் யோசித்ததாகச் சொன்னால் அது அவனைத் தூக்கி வைத்துப் பேசுவதாகும். அவன் எதையும் யோசிக்கவில்லை. சும்மா நின்றான்.

கடைசி நாள் மத்தியானம் பச்சையப்பனின் வண்டி வந்தது. பஞ்சாட்சரத்திடம் பழைய டிரைவர், கேட்டைப் பார்த்தாலே கெட்ட வார்த்தையில் அர்ச்சனை பண்ணுகிற ஆள். அன்றைக்கு அவன் வண்டியில் ஈரத் தோல். பின்பலகை வழியாக உப்புத் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. நாற்றத்தில் மேஜை ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவன் கூசாமல் பட்டை என்றான்.

கோதண்டபாணி எழுந்து பின்பக்கம் போய்ச் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு முனீரிடம் திரும்பினார்.

"பாய், நீங்க சொல்லுங்க. பட்டையில இவ்ளோ தண்ணி வருமா?"

அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தோல் என்று முனீர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் மூன்று நாள் தாள்களையும் கிழித்துப் போட்டு மறுபடி ஆரம்பித்திருப்பார், அப்படிப்பட்ட மனுஷர். முனீர் வாயைத் திறந்தான். நாக்கு தனக்குப் பழகின வழியில் போயிற்று.

"வழியில மழ பெஞ்சிருக்கும் சார்."

சித்திரை மாசம். பச்சையப்பனே ஒரு கணம் வானத்தைப் பார்த்துக்கொண்டான். கோதண்டபாணி முனீரைப் பார்த்தார், போய் உட்கார்ந்து பட்டை என்று எழுதினார்.

சாயங்காலம் மேஜையை மடக்கும்போது அவரே பேச்சை எடுத்தார். இந்தக் கேட்டு வழியாகப் போவதெல்லாம் பட்டையும் காலி வண்டியும்தான் என்று ஆகிவிட்டது, அதற்குப் பாலம் கேட்டால் தில்லியில் சிரிப்பார்கள் என்றார். ஜனங்கள் நடமாடுகிறார்களே, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இருக்கிறதே என்று முனீர் கேட்டான். பிள்ளை போன இந்த இரண்டு வருஷத்தில் அவனாக ஒருத்தரிடம் கேட்ட கேள்வி அதுதான்.

"இது சரக்குக்கு வர்ற சட்டம் பாய். ஆளுங்களை எழுத இந்தத் தாள்ல கட்டமே இல்ல," என்றார் அவர். அவருக்கும் வருத்தம்தான். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து முனீர் எல்லாவற்றையும் ஜஹீதாவிடம் சொன்னான். மறைக்கத் தோன்றவில்லை. மறைப்பதற்குக்கூடக் கொஞ்சம் பயமோ வெட்கமோ வேண்டும், அவனிடம் அது இல்லை. வீட்டில் அவர்கள் பேச்சு உருதுதான். ஆனால் ஜஹீதா குடியாத்தத்தில் நெசவுத் தெருவில் வளர்ந்தவள், கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவாள். அன்றைக்கு மாறினாள், குரல் மட்டும் உயரவில்லை.

"அவங்க சொன்னாங்க, சரி. நீங்களுமா பட்டைன்னு சொன்னீங்க?"

"நான் பட்டைன்னு சொல்லல. மழைன்னு சொன்னேன்," என்றான் முனீர். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அவன் காதுக்கே கேட்டது.

ஜஹீதா எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். விடிந்ததும் தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அவளுடைய சின்னம்மா வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். பிள்ளை பிறக்கிற வரைக்கும் அங்கேதான் இருக்கப்போகிறேன் என்றாள். அதற்கப்புறம் என்று முனீர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

வேகன்கள் குறுக்கே நின்றன. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சுற்றிலும் லாரிகள், டிரைவர்கள் வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஜஹீதா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வேகனின் சக்கரங்களுக்கு நடுவே தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகனை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு நான் நுழைஞ்சிருப்பேன். நீங்கதான் பொறுன்னீங்க."

முனீருக்கு அழுகை வரும் என்று தோன்றியது. வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆமாம் என்று மட்டும் சொன்னான்.

வேகன்கள் நகர்ந்தன, கேட்டைத் தூக்கினார்கள். ஜஹீதா அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். ஏழு மாச வயிற்றோடு தூக்காதே என்று அவன் சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் சொல்லிவிட்டாள்.

"நீங்க வர வேணாம். ஆபீசுக்கு நேரமாவுது. லோடு அனுப்பணுமில்ல."

அவள் தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள். லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நடுவில் வந்து அவளை மறைத்தன. முனீர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆபீசுக்குத்தான் போனான்.