வாத்து வில்லியம்

அந்த ஸ்காட்லாந்து மீன்பிடித் துறையில் பாதிப் பேர் ஃபிளெட் குடும்பம்தான். தேவாலய வாசலில் ‘வில்லியம் ஃபிளெட்’ என்று கூப்பிட்டால் நாலைந்து தலைகள் திரும்பும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர். தபால்காரர் உறையின் மேல் அதைத்தான் தேடுவார். கல்லறைக் கல்லில்கூட அதை வெட்டுவார்கள்.

எல்சியின் புருஷன் வாத்து வில்லியம். புயலில் ஆர்ச்சி போன படகு பாறையில் மோதியபோது, கரையிலிருந்து இடுப்பில் கயிறு கட்டிக் குதித்து அவனை இழுத்து வந்தவன். அடுத்தவனுக்காக மறுபடி குதித்தான். அறுந்த கயிறுதான் கரைக்கு வந்தது. இன்னொரு வில்லியம் ஃபிளெட்டும் உண்டு, பட்டப்பெயர் பூட்ஸ். அன்று காப்பாற்றப் போகத் தன் படகைக் கொடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவன்.

இப்போது ஊர் மண்டபத்தில் ‘ஃபிளெட் பெயருக்குப் பெருமை சேர்த்தோர்’ என்று பலகை வைக்கிறார்கள். ஒரு கர்னல், ஒரு நீதிபதி, கடைசியில் வில்லியம். விழாத் தலைவன் ஆர்ச்சி.

“வாத்துன்னு சேத்து எழுது ஆர்ச்சி. இல்லேன்னா எந்த வில்லியம்னு எவனுக்குத் தெரியும்?”

“ஏம்மா எல்சி, கர்னலுக்குக் கீழ வாத்தா? கனடாவிலேர்ந்து நம்ம ஃபிளெட் ஆளுங்க வர்றாங்க. சிரிப்பாங்கம்மா.”

“தண்ணியில கெடந்தப்ப என்னன்னு கத்துனே? திருவாளர் வில்லியம் ஃபிளெட்னா?”

“அது வேற,” என்று ஆர்ச்சி தொப்பியை எடுத்துக்கொண்டான். “இது தங்க எழுத்து.”

விழா நாளில் திரை விலகியது. வெறும் வில்லியம் ஃபிளெட். செத்துப்போனவன் என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. கனடாவிலிருந்து வந்த அம்மாள் அந்தக் கடைசிப் பெயரைக் காட்டி, “இவர் குடும்பத்துல யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டாள். யாரோ விளையாட்டாகப் பூட்ஸை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

“நீங்கதான் வில்லியம் ஃபிளெட்டா?”

“ஆமாங்க,” என்றான் பூட்ஸ். பாருங்கள் கண்ணுகளா, அதில் பொய்யே இல்லை.

அந்த அம்மாள் அவன் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். எல்சி ஆர்ச்சியைப் பார்த்தாள். அவன் பலகையைப் பார்த்தான்.

“அது வாத்து!” என்று எல்சி கத்தினாள். “வாத்து! வாத்து!”

மண்டபம் சிரித்தது. முதலில் சிரித்தது ஆர்ச்சி. விருந்தாளிகள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்று. “வயசாயிடுச்சுங்க, பாவம்,” என்றும் சொன்னான்.

பூட்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. கையை விடுவித்துக்கொள்ளாமல் தலைகுனிந்து நின்றான், புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறவன் மாதிரி.