நாய்ச் சட்டைக்குப் பொறுப்பாளர்

என் அக்கா நாய்க்குச் சட்டை தைக்கிறாள். சிரிச்சு முடிச்சிடுங்க, மிச்சத்தை அப்புறம் சொல்றேன்.

அவள் இருக்கிற ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கே நாய்க்குச் சட்டை போடப் போனால் கையைத்தான் கடிக்கும். நான் பிழைக்க வந்திருக்கிற நாட்டில் பாதி வருஷம் பனி. இங்கே நாய் தும்மினால் வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கம் வராது. அக்கா அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பஞ்சு வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒட்டுப்பட்டை வைத்து, கழுத்தில் ஒரு மடிப்பு வைத்துத் தைப்பாள். இணையத்தில் ஒரு கடையைத் திறந்து இங்கே இருக்கிறவர்களுக்கு விற்கிறாள். கெட்டிக்காரிதான், நான் இல்லைன்னா சொன்னேன்?

மாட்டிக்கொண்டது நான். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த நாட்டு மக்களுக்குச் சரக்கு விற்கிறவர்கள் விற்பனை வரியும் கட்டணும், இறக்குமதித் தீர்வையும் கட்டணும். கட்டாமல் போனால் கழுத்தைப் பிடிக்கிறதுக்கு, இங்கேயே குடியிருக்கிற ஒரு ஆளையும் காட்டணும். அந்த ஆளுக்குப் பொறுப்பாளர்னு பேரு. சும்மா ஒரு கையெழுத்துதான்டா, எனக்கு அங்கே வேற யாரு இருக்கா என்று அக்கா கேட்டாள். அவள் எள்ளுன்னு சொன்னா எண்ணெயா நிக்கிறவன் நான். போட்டுக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ளே விட்டுக்கொண்டேன்.

ஆரம்பத்தில் அவள் வாங்குகிறவர்களிடம் தீர்வையைப் பற்றி மூச்சே விடவில்லை. சொன்னால் யாரும் வாங்க மாட்டார்களாம். தபால்காரர் வாசலில் நின்று தீர்வை கேட்டதும், இதென்ன புதுக் கூத்து என்று அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்படித் திரும்பினதெல்லாம் என் விலாசத்துக்கு வரும். என் ஒற்றை அறையில் கட்டிலுக்கு அடியில் நாய்ச் சட்டை, அலமாரி மேலே நாய்ச் சட்டை, நாய் மட்டும்தான் பாக்கி. நான் போட்ட சத்தத்தில், வரியும் தீர்வையும் விலைக்குள்ளேயே அடக்கம் என்று கடையில் எழுதிப் போட்டாள். திரும்பி வருவது நின்றது. அதற்குப் பதிலாக, வருகிற ஒவ்வொன்றையும் நானே சுங்கத்தில் தீர்வை கட்டி எடுத்து, விலாசம் ஒட்டித் தபாலில் சேர்க்கணும் என்று ஆயிற்று.

சுங்கக் கிடங்கில் ஒரு அதிகாரி இருக்கிறார். மீசை மட்டும்தான் சிரிக்கும். முதல் தடவை ஒரு சட்டையைப் பிரித்துத் தூக்கிப் பிடித்து, இது உடுப்பா, மிருகச் சாமானா என்று கேட்டார். உடுப்புக்கு ஒரு தீர்வை, மிருகச் சாமானுக்கு ஒரு தீர்வை. நாய் போடுற உடுப்புங்க என்றேன். அதைத்தானே கேக்கிறேன் என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அது இரண்டில் எது என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் என் உயிரை எடுத்தது அது இல்லை. சட்டைகளை எல்லாம் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பினால் ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு நாளோடு வேலை முடியும். அக்கா அப்படி அனுப்ப மாட்டாள். காற்றை எடுத்து அப்பளமாக அமுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் அனுப்புவாள். ஒவ்வொரு உறைக்கும் ஒரு படிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். உங்க அக்காவுக்குப் பெட்டி கட்டத் தெரியாதா என்று அந்த அதிகாரியே கேட்டுவிட்டார். நானும் கேட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். பெட்டி கிடைக்கலடா என்பாள். ஊரில் பெட்டிக்குப் பஞ்சமா? சரியான பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் என் மனைவிக்கு வேறொரு நாட்டில் நல்ல வேலை கிடைத்தது. அவள் முதலில் போவது, பின்னாலேயே நான் போவது என்று ஏற்பாடு. போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. ஆனால் அந்த நாட்டு விசாவுக்கு, இங்கே வரி சம்பந்தமாக எனக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று ஒரு சான்று வேணுமாம்.

வரி அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நல்ல மாதிரி. கணினியைப் பார்த்துவிட்டு, நீங்க ஒரு கடைக்குப் பொறுப்பாளரா இருக்கீங்களே தம்பி, சான்று எப்படித் தர்றது என்றார். வேறு ஆள் பொறுப்பை ஏற்கணும். இல்லாவிட்டால் இந்த மாசக் கடைசியில் வருகிற வருஷப் புதுப்பிப்பைச் செய்யாமல் விட்டுவிடணும். விட்டுவிட்டால் சான்று உடனே கைக்கு வரும். அக்கா கடை அதற்கப்புறம் இந்த நாட்டுக்கு ஒரு நூல்கூட விற்க முடியாது, கிடங்கில் கிடக்கிற சரக்கையும் அழித்துவிடுவார்கள். புதுப்பித்தால் இன்னும் ஒரு வருஷம் நான்தான். நடுவில் கழன்றுகொள்ள வழி கிடையாது.

தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் போனேன். கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து என்றால் ஓடி வருகிற பயல்கள், வரி என்றதும் வேற எதுனா கேளு மச்சி என்றார்கள். இதையே தொழிலாக வைத்திருக்கிற கம்பெனிகளிடம் கேட்டால், இவ்வளவு சின்னக் கடைக்கு நாங்க வர்றதில்லை என்று போனை வைத்துவிட்டார்கள். புலி வாலைப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை.

அதனால் ஒரு நாள் காலையில் அக்காவைக் கூப்பிட்டு, புதுப்பிக்கப் போவதில்லை, கடையை மூடிடு என்று சொன்னேன். அழுவாள், அப்புறம் சரிடா என்பாள் என்று எதிர்பார்த்தேன். தையல் மெஷின் சத்தம் நின்றது.

"மாட்டேன்டா. நீ கையெழுத்துப் போடு" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான், ஜாலியாகத் தைத்துக்கொண்டிருப்பது நீயா என்று கேட்டேன். என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆள் இல்லை, பிள்ளை பிறக்கிறப்போ நான் அங்கே இருக்கணும், உன் நாய்ச் சட்டையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்றேன். தம்பி என்று ஒருத்தன் இருப்பது கையெழுத்துக்கு மட்டும்தானா என்றும் கேட்டேன். நீ ஒழுங்காகப் பெட்டியாக அனுப்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெறுத்திருக்காது என்று அதையும் சேர்த்துக் கொட்டினேன்.

அவள் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டாள்.

"ஜன்னல் கம்பி வழியா அவ்வளவுதான்டா போகும்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள், சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. அத்தான் காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். சாவி அவர் பையில். இன்றைக்கு நேற்று இல்லை, ரொம்ப நாளாக. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று கை நீட்டுவாங்க, அக்கா உறையை ஒவ்வொன்றாகக் கம்பிக்கு நடுவே தள்ளுவாள், அவங்க தபாலில் சேர்ப்பாங்க. துணியும் அப்படியேதான் உள்ளே வரும். அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைக்கிறாள் என்று அத்தானுக்கு நினைப்பு.

 அந்த அத்தான் என் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி நின்று எல்லாரையும் விசாரித்தவர். மாப்பிள்ளைன்னா இவரைப் போல வரணும் என்று எங்க வீட்டில் சொல்லாத ஆள் இல்லை.  பெட்டி பெட்டின்னு அவளை எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

வக்கீல் ஒருத்தரிடம் போனில் பேசியிருக்கிறாளாம். பள்ளிக்கூடம் போகிற தன் பொண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வரலாம், ஆனால் பிள்ளை அவளிடமே இருக்கணும் என்றால் நிலையான வருமானம் இருப்பதைக் காட்டணும், இன்னும் ஒரு வருஷம் கடை ஓடினால் கேஸ் நிக்கும் என்றாராம். கடை இல்லாமல் வெளியே வந்தால் பொண்ணு அத்தானுக்குத்தான்.

"உன் பொண்டாட்டி பாவம்தான், தெரியாம பேசலை" என்றாள் அக்கா. "நீ உன் பிள்ளையை லேட்டாப் பார்ப்பே. எனக்கு என் பிள்ளையே இல்லாம போயிடும். யோசிச்சுக்கோ. ஆனா ஒண்ணு, யார்கிட்டயும் மூச்சு விடாதே. அவகிட்டயும்தான்."

அவளிடம் சொல்லக் கூடாது என்றதற்குக் காரணம் இருக்கு. என் மனைவி அத்தானுக்குச் சித்தப்பா மகள். அக்கா கல்யாணத்தில் பார்த்துத்தான் எங்க கல்யாணமே நடந்தது. அண்ணன், அண்ணன் என்று உயிரை விடுவாள். அவளிடம் சொன்னால் நம்ப மாட்டாள், நம்பினால் சும்மா இருக்க மாட்டாள், நேராக அவருக்கே போன் போட்டு இது நிஜமான்னு கேட்பாள். அவ்வளவு வெள்ளை மனசு. அதற்கப்புறம் அந்த ஜன்னலையும் அடைத்துவிடுவார்.

மாசக் கடைசி வரை நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வேலையில் தப்புத் தப்பாகச் செய்தேன். விட்டுத் தொலைச்சிடுவோம், அவரவர் தலையெழுத்து அவரவருக்கு என்று காலையில் முடிவெடுப்பேன். மத்தியானம் கிடங்குக்குப் போனால் அந்தத் தட்டை உறைகள் வந்து கிடக்கும். கையில் எடுக்கும்போது அது எவ்வளவு இடுக்கில் நுழைந்து வந்திருக்கும் என்று தோணும். ஓரம் எல்லாம் லேசாகத் துருக்கறை. முன்னாடியும் அந்தக் கறை இருந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை.

கடைசி நாளில் வரி அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் அதே அம்மா. என்னை ஞாபகம் வைத்திருந்தார். சான்றுக்கான தாளை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, எப்போ தம்பி கிளம்புறீங்க, வீட்டில் எத்தனாவது மாசம் என்று விசாரித்தார். நல்லா இருங்க என்றும் சொன்னார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, கீழே தாள் போகிற அளவுக்கு ஒரு சந்து.

புதுப்பிக்கிற தாளைக் கொடுங்கம்மா என்றேன். நல்லா யோசிச்சீங்களா, அப்புறம் நடுவில் விட முடியாது என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குத் தெரியும்மா என்றேன். கையெழுத்துப் போட்டுச் சந்து வழியாகத் தள்ளினேன். அவர் வாங்கி முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்.

வெளியே படியில் நின்று மனைவியைக் கூப்பிட்டேன். போனையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள், உடனே எடுத்துவிட்டாள்.

"கிடைச்சிடுச்சா?"

"இல்ல. புதுப்பிச்சுட்டேன். இன்னும் ஒரு வருஷம்."

 ஏன் என்று கேட்டாள். அக்காவுக்குக் கடை வேணுமாம் என்றேன். வேற என்ன சொல்ல முடியும்?

"நாய்ச் சட்டைக்காகவா?" என்றாள்.

வாயைத் திறந்தேன். அண்ணன் என்று அவள் சொல்கிற குரல் காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். என் மேல் கோபப்பட்டுக் கத்துவாள், கத்தட்டும், அதுவாவது நல்லா இருக்கும் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"சரி" என்றாள். "பிள்ளைக்குப் பேரை நானே வெச்சுக்கறேன்."