விண்ணப்பம் ஏற்கப்பட்டது

பாகுபலி நயினாருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தன் கையில் இருப்பதுதான் உசத்தி என்று ஒரு தடவை முடிவு கட்டிவிட்டால், அப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் காதில் ஏறாது. பிரேக் பிடிக்காத ஸ்கூட்டரை ஆறு வருடம் புகழ்ந்துகொண்டே ஓட்டி, கடைசியில் ஒரு கரும்பு வண்டியில் கொண்டுபோய் விட்டான். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதி. 2005-இல் நடந்தது சிரிக்கிற சங்கதி இல்லை.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச் சந்தில், அவனுக்கு ஒரு கடை இருந்தது. த்ரிசலா பிரவுசிங் சென்டர். த்ரிசலா அவன் மனைவி. வீடு கடைக்குப் பின்னாலேயே. கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள், சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி வேண்டாமென்று கழித்துக் கட்டியவை. பொத்தானை அமுக்கிவிட்டு முக்குக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தால்தான் திரை முழுசாக விழித்திருக்கும். போதாக்குறைக்கு, வருகிறவர்கள் ஃபிளாப்பியில் வைரஸையும் கொண்டுவருவார்கள். அந்த மார்ச் மாதம் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிட்டன.

அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி அவன் கைக்குக் கிடைத்தது. அதில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் இருந்தது, அதிலும் பொடி லினக்ஸ். முழு சிஸ்டமும் ஐம்பது எம்பிக்குள் அடக்கம். வைரஸ் அதைச் சீண்டாது, கிழட்டு மெஷினே போதும் என்று போட்டிருந்தது. ஒரு மெஷினில் ஏற்றிப் பார்த்தான். ஒரு நிமிஷத்தில் பென்குயின் படத்தோடு திரை வந்து நின்றது. அதற்குள் ஒரு பிரவுசரும் இருந்தது, கொசு மாதிரி எடையே இல்லாதது. செய்தித்தாள் பக்கத்தைத் திறந்தான், பட்டென்று வந்தது. ரயில் நேரம், பரீட்சை முடிவு, அதுவும் பட் பட்டென்று வந்தது. பாகுபலிக்குத் தலைகால் புரியவில்லை.

"த்ரிசலா, இங்க வந்து பாரேன்! செத்ததெல்லாம் எழுந்து ஓடுது."

அவள் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னாங்க இது, எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா கொட்டிக் கெடக்குது? கட்டமும் கலரும் எங்க?"

"கலர் எதுக்கு? விஷயம் வருதா இல்லியா, அதப் பாரு."

"மெயில் தெறக்குமா?"

"அது மட்டும் கொஞ்சம் அடம் புடிக்குது. அந்த சைட்டு சரியில்ல."

இதுதான் அவன் பேச்சு. எந்தப் பக்கம் திறக்காவிட்டாலும் அந்தப் பக்கம் சரியில்லை. எந்தப் பொத்தான் வேலை செய்யாவிட்டாலும் பொத்தானைச் செய்தவன் சரியில்லை. பிரவுசரின் மேல் மட்டும் ஒரு குற்றமும் விழாது. ஒரே வாரத்தில் மூன்று மெஷின்களிலும் அதையே ஏற்றிவிட்டு, 'வைரஸ் தொல்லை இல்லை, அதிவேகம்' என்று வாசலில் எழுதியும் மாட்டிவிட்டான்.

த்ரிசலா பி.எட். முடித்தவள். எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து பதினோரு வருடம் ஆகியும் ஒரு கடிதம் வரவில்லை. ஒரு தனியார் பள்ளியில் எட்டு வருடமாகக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். பாத்ரூம் போகக்கூட அங்கே பிரின்சிபாலிடம் கேட்க வேண்டும். அந்த ஏப்ரலில் தென்மண்டல உறைவிடப் பள்ளிக் கழகம் கணக்கு ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பதாகப் பேப்பரில் வந்தது. விண்ணப்பம் இன்டர்நெட்டில் மட்டும். வயது முப்பத்தைந்துக்குள். த்ரிசலாவுக்கு ஆகஸ்டில் முப்பத்தைந்து முடிகிறது. அந்தக் கழகம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் ஆள் எடுக்கும். இதை விட்டால் அவளுக்கு வேறு கிடையாது, ஆயுசுக்கும் கிடையாது. வீட்டில் இரண்டு பேருக்கும் இது தெரியும்.

விண்ணப்பத்தில் எண் குறிப்பிட வேண்டிய நடத்தைச் சான்றிதழை அவள் பள்ளி இழுத்தடித்து, கடைசி நாளன்றுதான் கொடுத்தது. அது சித்ரா பௌர்ணமி நாள். மதியத்திலிருந்தே வேலூர் ரோட்டில் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஜனம் கிரிவலத்துக்கு வேங்கிக்கால் வழியாக நடந்தே போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, பஸ் ஸ்டாண்டுகிட்ட சடையன் கடையில போய்ப் போட்டுட்டு வந்துடலாமா? அங்க மெஷின் எல்லாம் புதுசுன்றாங்க."

சடையன் இவனுக்குப் போட்டிக் கடைக்காரன். பாகுபலிக்குச் சுருக்கென்றது. "உன் பேர்ல கடைய வெச்சிக்கிட்டு, உன் அப்ளிகேஷன அவன் கடையில போய்ப் போடறதா? நாலு பேர் சிரிப்பாங்க. இந்தக் கும்பல்ல அங்க போய்ச் சேரவே ரெண்டு மணி நேரமாவும்."

கும்பல் ஒரு சாக்குத்தான். நடந்திருந்தால் போயிருக்கலாம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லட்சம் பேர் நடக்கிற ஊரில் இரண்டு பேருக்கு வழி கிடைக்காமலா போய்விடும்?

கடையிலேயே உட்கார்ந்து நிரப்பினார்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் என்று ஒவ்வொன்றையும் அவள் வாசிக்க வாசிக்க அவன் தட்டினான். இரண்டு முறை சரிபார்த்தார்கள். பொத்தானை அமுக்கினான். பக்கம் ஒரு தடவை சிமிட்டி, காலிக் கட்டங்களோடு திரும்பி வந்தது. கீழே இறக்கிப் பார்த்தான். ஆங்கிலத்தில் வரிசையாக வரிகள். பெயரை நிரப்பவும். பிறந்த தேதியைச் சரியாகத் தரவும். மதிப்பெண் நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாம் விதிமுறை என்று தாண்டிப் போனான். கடைசி வரி இது: உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஹால் டிக்கெட் தபாலில் அனுப்பப்படும்.

"பாத்தியா! ஏத்துக்கிட்டான்."

"பதிவு நம்பர்னு ஒண்ணும் காணோமே?"

"அதெல்லாம் ஹால் டிக்கெட்ல வரும். வா, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும்."

சமணக் குடும்பம், இருட்டிய பிறகு அவர்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதைப் பார்சுவநாதர் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அப்படி அவள் சிரித்து அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மே மாதம் பள்ளி விடுமுறை. த்ரிசலா படித்த படிப்பு கொஞ்சநஞ்சமில்லை. சமைத்துக்கொண்டே படித்தாள், துணி துவைத்துக்கொண்டே சூத்திரங்களை முணுமுணுத்தாள். பதினோரு மணிக்குத் தெருவில் தபால்காரர் சகாதேவனின் சைக்கிள் மணி கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள். அவர் இல்லையென்று தலையாட்டிக்கொண்டே போய்விடுவார். ஜூன் பன்னிரண்டாம் தேதி வேலூரில் பரீட்சை. மே கடைசி வாரம் வந்தும் ஹால் டிக்கெட் வரவில்லை.

அவள் பயந்து கேட்கும்போதெல்லாம் பாகுபலி கடைக்கு அழைத்துப் போய், கடைசி நாள் தாண்டியும் கழகம் எடுக்காமல் விட்டிருந்த அதே பக்கத்தைத் திறந்து, அவள் பெயரைத் தட்டிப் பொத்தானை அமுக்குவான். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. "பாரு, இன்னிக்கும் அதையேதான் சொல்றான். தபால்லதான் எங்கியோ மாட்டிக்கிச்சு." அவளுக்குப் பாதி உயிர் திரும்பும். மீதிப் பாதிக்குச் சகாதேவனிடம் போய்ச் சண்டை போடுவாள். ஒருநாள் தெரு முழுக்கக் கேட்கும்படி, "கட்டுக் கட்டா எடுத்துட்டுப் போய் எங்கதான் போடறீங்க? என் வாழ்க்கையே அதுல இருக்குதுங்க!" என்று கத்திவிட்டாள். அந்த மனிதர் பையை மொத்தமாக வாசலில் கவிழ்த்து, ஒவ்வொரு கடிதமாக எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கடைக்கு மதிவதனி என்றொரு பெண் வந்தாள். அடி அண்ணாமலைக்காரி, அந்த வருடம்தான் காலேஜ் முடித்தவள். அதே கழகம் இப்போது எழுத்தர் வேலைக்கு ஆள் எடுக்கிறது, அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். பாகுபலி பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

"என்னாம்மா?"

"நான் இன்னும் ஒரு எழுத்துகூட அடிக்கல. அதுக்குள்ள அப்ளிகேஷன ஏத்துக்கிட்டோம்னு சொல்லுதே?"

குனிந்து பார்த்தான். கட்டங்கள் எல்லாம் காலி. கீழே அதே வரி. பெயர் தராத, தேதி தராத, யாரென்றே தெரியாத ஒருத்தியின் விண்ணப்பமும் ஏற்கப்பட்டிருந்தது.

"இங்க வேணாம்மா. சடையன் கடைக்குப் போலாம், வா," என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. கடையைப் பூட்டக்கூட இல்லை.

"வாங்க நயினாரே, வழி தெரிஞ்சுதா?" என்று சடையன் சிரித்தான். இவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு மெஷினைக் காட்டினான். மதிவதனி அதே பக்கத்தைத் திறந்தாள். இங்கே அது கட்டமும் கலருமாக இருந்தது. அடியில் ஒரு வரியும் இல்லை. "சும்மா அமுக்கும்மா," என்றான் பாகுபலி. அமுக்கினாள். பெயரை நிரப்பவும் என்று சிவப்பில் ஒரே ஒரு வரி எழுந்தது. அவள் பொறுமையாக எல்லாவற்றையும் நிரப்பி மறுபடி அமுக்கினாள். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது, ஏற்கப்பட்டது என்று. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் பத்து இலக்கத்தில் ஒரு பதிவு எண்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வேண்டிய அத்தனையையும் அந்தப் பக்கம் முதலிலேயே வயிற்றுக்குள் வைத்திருக்கிறது, திட்டையும் வாழ்த்தையும் சேர்த்து. பெரிய பிரவுசர் அதை மறைத்து வைத்து, வேளை வரும்போது வேண்டியதை மட்டும் காட்டும். அவனுடைய கொசு பிரவுசருக்கு மறைக்கவும் தெரியாது, அனுப்பவும் தெரியாது. உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது. அன்றைக்குப் பொத்தானை அமுக்கியபோது த்ரிசலாவின் பெயர் அந்த அறையை விட்டே வெளியே போகவில்லை.

பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்திலிருந்து சென்னைக் கழக ஆபீஸுக்குப் போன் போட்டான்.

"பதிவு எண் சொல்லுங்க."

"எண் வரலீங்க."

"அப்ப விண்ணப்பமே வரலைனு அர்த்தம்."

"பேர வெச்சு ஒரு தடவை பாத்துடுங்களேன். த்ரிசலா. கணக்கு டீச்சருக்கு."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அந்தப் பேர்ல யாரும் இல்லீங்க. அடுத்த அறிவிப்புல போடச் சொல்லுங்க."

"அடுத்ததுக்கு அவளுக்கு வயசு தாண்டிடும்ங்க. ஐயா, தப்பு என்னோடதுங்க, அவளுது இல்ல. நேர்ல வந்து கால்ல வேணாலும்..."

"அதுக்கெல்லாம் இங்க வழி இல்லீங்க," என்று அந்தக் குரல் சொல்லி முடித்துக்கொண்டது. கோபமாகச் சொன்னாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம்.

வீட்டுக்கு நடந்தே வந்தான். வழியெல்லாம் ஒரு யோசனை அவனை விடாமல் அரித்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? ஹால் டிக்கெட் தபாலில் தொலைந்தது என்றுதான் ஏற்கெனவே அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். பரீட்சை நாள் கடந்துபோகும். பழி சகாதேவன் மேல் விழும், அந்த மனிதருக்கு வாங்கிப் பழக்கம். மின்வாரிய ஆபீஸ் தாண்டும்வரை இதுவே சரி என்று தோன்றியது. சந்து முனைக்கு வந்தபோது மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம், அழுவாள், திட்டுவாள், அடித்தால்கூட வாங்கிக்கொள்வோம் என்று தீர்மானித்தான். அந்தத் தீர்மானத்தில் தன்னைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் உசத்தியான எண்ணம்கூட வந்தது.

அவள் கூடத்தில் உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னான். காலிக் கட்டத்தை, சடையன் கடையை, சென்னை ஆபீஸை. எல்லாம் தன் தப்பு என்றான். மூன்று தடவை சொன்னான்.

த்ரிசலா பேனாவை மூடினாள்.

"ஏன் சொன்னீங்க?" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "உங்கிட்ட மறைக்கச் சொல்றியா?"

"போஸ்ட்மேன் தொலச்சுட்டார்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். சாவற வரைக்கும் அப்படியே நெனச்சிட்டு இருந்திருப்பேன். யாரோ ஒருத்தர், தெருவோட வந்து தெருவோட போறவர். அவர் மேல எவ்ளோ வேணாலும் கோவப்படலாம்." அவள் குரல் உயரவே இல்லை. "உங்க மேல கோவத்த வெச்சிக்கிட்டு நான் எப்படிங்க இந்த வீட்ல இருக்கறது?"



அவள் அழவில்லை, திட்டவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்துப் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அவன் வேண்டுமென்றே தம்ளரை உடைத்தான், சாப்பாட்டைக் குறை சொன்னான், அவள் ஒரு தடவை வாய்விட்டுக் கத்திவிட மாட்டாளா என்று. அவள் உடைந்த சில்லைப் பெருக்கி எடுத்துவிட்டு, "கால்ல குத்திடப் போவுது, பாத்துப் போங்க," என்றாள்.